நான்கு வருடம் வளர்த்து மூன்று வாரத்தில் எறியப்படும் பூ

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவது நல்லது. ஹயசிந்த் என்றதும் தமிழ்நாட்டில் பலருக்கும் நினைவுக்கு வருவது ஏரி குளங்களை மூடிக்கொண்டு கிடக்கும் ஆகாயத்தாமரைதான். ஆங்கிலத்தில் அதை 'வாட்டர் ஹயசிந்த்' என்கிறார்கள். ஒற்றுமை பெயரோடு சரி. ஆகாயத்தாமரை தென் அமெரிக்காவிலிருந்து வந்த நீர்க்களை. யாரும் நடாமலே பெருகும், பிடுங்கப் பிடுங்க வரும். இங்கே பேச்சு அதற்கு நேர் எதிரான ஒரு செடியைப் பற்றியது. துருக்கியின் தென்பகுதி, சிரியா, லெபனான் பக்கத்து மலைச்சரிவுகளைச் சொந்த ஊராகக் கொண்ட செடி. குளிர்காலம் முடிந்ததும் நீலம், வெள்ளை, இளஞ்சிவப்பு என்று பூத்துத் தெருவையே மணக்க வைப்பது. மண்ணுக்குள் இருப்பதற்குப் பாடப்புத்தகத்தில் 'குமிழம்' என்று பெயர். கையில் எடுத்துப் பார்த்தால் பெரிய வெங்காயம் மாதிரி இருக்கும். இந்தக் கட்டுரை முடியும்வரை அது 'கிழங்கு' என்றே இருக்கட்டும்.

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் செப்டம்பர் பிறந்தால் போதும், தோட்டக் கடைகளில் இந்தக் கிழங்குகள் வலைப்பைகளில் தொங்க ஆரம்பித்துவிடும். இலையுதிர்காலத்தில் நட்டால், குளிர்காலம் முழுக்க மண்ணுக்குள் கிடந்து, மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ பூக்கும். இரண்டு மூன்று வாரம் கண்ணுக்கும் மூக்குக்கும் விருந்து. அதுவரை யாருக்கும் பிரச்சினை இல்லை. பூ முடிந்த பிறகு கிழங்கை என்ன செய்வது என்று கேட்டால்தான் வில்லங்கம் ஆரம்பம். தோட்டக்கலைப் பத்திரிகைகள், கடைக்காரர்கள், பக்கத்து வீட்டு நிபுணர்கள் என்று பலரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: முதல் வருடம் மாதிரி மறுவருடம் வராது, பூ சிறுத்துப்போகும், ஆகவே தோண்டி எறிந்துவிட்டுப் புதிதாக வாங்கி நட வேண்டும்.

அனுபவஸ்தர் சொல்லும் யோசனை மாதிரி இருக்கிறதல்லவா? அதில் பாதி உண்மை. மீதிப் பாதி சுத்தமான வியாபாரம். வருடா வருடம் கிழங்கு விற்றால்தான் பிழைப்பு என்று இருப்பவர்களுக்கு இந்த யோசனை எவ்வளவு வசதி என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இதற்கு மற்றவர்கள் கொடுக்கும் விலை, கடையில் கிழங்குக்குக் கொடுக்கும் காசைவிட ரொம்பவே அதிகம்.

ஒரு கிழங்கு எப்படி உருவாகிறது?

எறிந்துவிடலாம் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். எறியப்படுவது என்ன என்று தெரிந்தால் அவ்வளவு சுலபமாகச் சொல்ல வாய் வராது.

துலிப், டாஃபடில் போன்றவை மண்ணுக்குள் தாமாகவே பக்கக் கிழங்கு விட்டுப் பெருகும். ஹயசிந்த் இந்த விஷயத்தில் மகா சோம்பேறி. சும்மா விட்டால் பல வருடத்துக்கு ஒன்றிரண்டு குட்டிதான் போடும். அதனால் வளர்ப்பவர்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். கோடையில் தோண்டி எடுத்த நல்ல கிழங்கைத் தலைகீழாகத் திருப்பி, வேர் வரும் அடித்தட்டைக் கத்தியால் குழிவாகக் குடைந்து எடுத்துவிடுவார்கள். அல்லது அடித்தட்டின் குறுக்கே நட்சத்திரம் மாதிரி ஆழமாகக் கீறிவிடுவார்கள். காயம்பட்ட கிழங்கு, செத்துப்போவதற்குப் பதிலாக, வெட்டுப்பட்ட செதில்களின் ஓரத்தில் பொடிப்பொடியாகக் குட்டிக் கிழங்குகளை உண்டாக்கும். குடைந்த கிழங்கில் இருபது, முப்பது, சில சமயம் அதற்கு மேலும் கிடைக்கும். கீறியதில் எண்ணிக்கை குறைவு, ஆனால் ஒவ்வொன்றும் சற்றுப் பெரிது.

இந்தக் குட்டிகளை மண்ணில் நட்டு, வருடா வருடம் கோடையில் தோண்டி, சுத்தம் செய்து, அளவு பிரித்து, குறிப்பிட்ட வெப்பத்தில் வைத்திருந்து, மறுபடி இலையுதிர்காலத்தில் நட வேண்டும். கடையில் விற்கும் அளவுக்கு வர மூன்றிலிருந்து ஐந்து வருடம் ஆகும். நடுவில் மஞ்சள் நோய் என்று ஒன்று வந்தால் மொத்த வயலும் காலி. இந்த நோய்க்கு ஒரு பாக்டீரியாதான் காரணம் என்று 1883-இல் டச்சு ஆய்வாளர் வாக்கர் கண்டறிந்தார். பாக்டீரியாவால் தாவரங்களுக்கும் நோய் வரும் என்பது உலகத்துக்குத் தெரிய வந்த ஆரம்ப காலச் சான்றுகளில் அதுவும் ஒன்று. இன்றைக்கும் வயல்களில் ஆள் நடந்து, நோயுற்ற செடியைத் தேடித் தேடி அகற்ற வேண்டியிருக்கிறது. தரம் பிரிக்கிறவர்கள் பாடு தனி. ஹயசிந்த் கிழங்கின் தோலில் ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன. வெறும் கையால் தொட்டால் சேனைக்கிழங்கு அரிந்த கை மாதிரி அரித்துத் தள்ளும்.

ஆக, சுமார் நான்கு வருடம், பல கைகள், பல முறை தோண்டலும் நடவும். இப்படி உருவான உயிருள்ள ஒரு பொருளை மூன்று வாரம் பார்த்து ரசித்துவிட்டுக் குப்பையில் போடு என்பதற்குப் பெயர் தோட்டக்கலையா? கல்யாண மண்டபத்து வாழைமரத்துக்குக் கூட இதைவிட மரியாதை உண்டு. தார் போட்டு முடித்த வாழை எப்படியும் சாகத்தான் போகிறது. ஹயசிந்த் அப்படி இல்லை. பூத்து முடித்த பிறகும் அது உயிரோடு இருக்கிறது. அடுத்த வருடத்துக்கான பூவை உள்ளே தயார் செய்யும் வேலை அப்போதுதான் ஆரம்பமே ஆகிறது.

'சிறுத்துப்போகும்' என்பதன் பின்னணி

மறுவருடம் பூ சிறுக்கும் என்பது பொய் இல்லை. ஏன் சிறுக்கிறது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

ஹயசிந்த் கிழங்குகளைச் சுற்றளவு கணக்கில் தரம் பிரிக்கிறார்கள். 14-15, 15-16, 16-17 சென்டிமீட்டர் என்று போய், 18-19, அதற்கு மேலும் இருக்கிறது. பெரிதுக்கு விலை அதிகம், பூவும் அதிகம். கொழுத்த கிழங்கிலிருந்து வரும் கதிரில் பூக்கள் இடைவெளியே இல்லாமல் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். இது இயற்கையான உருவம் அல்ல. மலைச்சரிவில் தானாக வளரும் ஹயசிந்த்தில் பூக்கள் குறைவு, தளர்வாக மணி மணியாகத் தொங்கும். கொழுத்த கிழங்கு என்பது பண்ணையில் ஊட்டி வளர்த்த குண்டுக் குழந்தை.

அந்த ஊட்டம் எப்படி நடக்கிறது என்பதும் சுவாரசியம்தான். நெதர்லாந்தில் ஹார்லெமுக்கும் லைடனுக்கும் நடுவில் கடற்கரையை ஒட்டிய மணற்பகுதிதான் இந்தக் கிழங்குகளின் கோட்டை. சுண்ணாம்புச் சத்துள்ள மணல், கால்வாய் வழியாக நிலத்தடி நீர்மட்டத்தைக்கூடக் கட்டுப்படுத்தும் வசதி. அங்கே வயலில் பூ பூத்ததும் அதை வெட்டிவிடுவார்கள். பூவுக்கும் விதைக்கும் போகிற சத்து கிழங்குக்குத் திரும்ப வேண்டுமல்லவா? அப்படி வெட்டிய பூக்கள் வீணாவதும் இல்லை. ஏப்ரலில் நோர்ட்வைக்கிலிருந்து ஹார்லெம் வரை போகும் புகழ்பெற்ற பூ ஊர்வலத்தில், வண்டி வண்டியாகப் பெரிய உருவங்களை ஹயசிந்த் பூக்களால்தான் ஒட்டி அலங்கரிக்கிறார்கள். ஆனால் இலையை மட்டும் யாரும் தொடமாட்டார்கள். ஜூன் மாதம் அது தானாக மஞ்சளாகிச் சாயும்வரை காத்திருந்துதான் தோண்டுவார்கள். இலை பச்சையாக இருக்கும் அந்த ஆறேழு வாரத்தில்தான் கிழங்கு பெருக்கிறது.

வீட்டுத் தோட்டத்தில் நடப்பது இதற்குத் தலைகீழ். பூ வாடியதும் காய்ந்த கதிரை விட்டுவிட்டு, 'அசிங்கமாக இருக்கிறது' என்று இலையை வெட்டுகிறார்கள். சிலர் இலைகளைச் சடை பின்னி ரப்பர் பேண்ட் போட்டு முடிந்து வைக்கிறார்கள். கிழங்குக்குச் சமையல் நடக்கும் அடுப்பையே அணைத்துவிட்டு, மறுவருடம் சாப்பாடு சரியில்லை என்று குறை சொல்கிற கதை இது. போதாததற்கு, தண்ணீர் தேங்கும் களிமண்ணில் நட்டு, கோடை முழுக்கப் பக்கத்துச் செடிக்குப் பாய்ச்சும் தண்ணீரை இதற்கும் விடுகிறார்கள். பிறந்த ஊரில் வறண்ட கோடைக்குப் பழகிய கிழங்கு, ஈரத்தில் அழுகாமல் என்ன செய்யும்?

இன்னொன்று. தோட்டத்துக்கு வாங்கும்போது கடைக்காரர் பெருமையாக எடுத்துக் காட்டும் அந்த 19 சென்டிமீட்டர் கிழங்கு தோட்டத்துக்கு ஏற்றதே அல்ல. வீட்டுக்குள் தொட்டியிலோ கண்ணாடிக் குடுவையிலோ வளர்ப்பதற்குத்தான் அந்த அளவு. வெளியில் நட்டால் தலைக்கனம் தாங்காமல், ஒரு மழைக் காற்றுக்கே கதிர் மண்ணில் சாய்ந்துவிடும். தோட்டத்துக்கு 14-இலிருந்து 16 சென்டிமீட்டர் கிழங்கே சிறந்தது. விலையும் குறைவு, காற்றுக்கும் தாங்கும், மறுவருடம் பெரிய ஏமாற்றமும் இருக்காது. முதல் வருடமே உச்சத்தில் இருப்பதை வாங்கினால் அடுத்த வருடம் இறக்கம்தான். நடுத்தரமாக இருப்பதை வாங்கினால் அடுத்த வருடமும் ஏறக்குறைய அதே உயரம். இது கணக்கு, மர்மம் ஒன்றும் இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கேள்வி. சிறுத்துப்போனால் என்ன? நான்கைந்து வருடம் ஒரே இடத்தில் இருக்கும் ஹயசிந்த்தின் கதிர் இளகி, பூக்கள் தனித்தனியாகத் தெரியும். மணம் குறைவதில்லை. காட்டில் அது எப்படி இருந்ததோ அதன் சாயல் லேசாகத் திரும்பி வருகிறது. பிளாஸ்டிக் பொம்மை மாதிரி விறைத்து நிற்கும் முதல் வருடக் கதிரைவிட அதுவே அழகு என்று சொல்லும் தோட்டக்காரர்கள் எத்தனையோ பேர். ஆனால் பையின் மேல் அச்சடித்த படத்தில் இருப்பதுதான் பூ என்று நம்பவைத்துவிட்டார்களே!

நிறம் என்கிற சரக்கு

இந்த எறியும் பழக்கத்துக்குப் பெரிய ஆசான்கள் பொதுப்பூங்காக்கள். லிஸ் நகரில் உள்ள கோய்கென்ஹோஃப் பூங்காவை அறியாதவர்கள் குறைவு. 1950-இலிருந்து பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் இந்த 32 ஹெக்டேர் பூங்காவில் ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் சுமார் 70 லட்சம் கிழங்குகளைக் கையால் நடுகிறார்கள். துலிப், டாஃபடில், ஹயசிந்த் எல்லாம் இதில் அடக்கம். வருடத்தில் சுமார் எட்டு வாரம் மட்டும் திறந்திருக்கும். சீசன் முடிந்ததும் எல்லாவற்றையும் அகற்றி, அடுத்த வருடத்துக்குப் புதிதாக 70 லட்சம். கிழங்குகளைத் தருபவர்கள் அந்த வட்டாரத்து வளர்ப்பாளர்கள். அவர்களைப் பொறுத்தவரை அது ஒரு கண்காட்சி, பெரிய அளவிலான விளம்பரப் பலகை. அதில் தப்பில்லை. ஜவுளிக்கடை வாசல் பொம்மைக்குத் தினம் ஒரு புடவை கட்டுவதை யாரும் குறை சொல்வதில்லை.

அந்தப் பொம்மையைப் பார்த்து வீட்டிலும் தினம் ஒரு புதுப்புடவை வேண்டும் என்று கிளம்பினால்தான் ஆபத்து. ஊர்ப் பூங்காக்களும் நகராட்சிப் பூப்பாத்திகளும் அதைத்தான் செய்கின்றன. இலையுதிர்காலத்தில் நடவு, ஏப்ரலில் பூ, மே மாதம் தோண்டி அகற்றிவிட்டுக் கோடைப் பூச்செடிகள். இலை மஞ்சளாக ஆறு வாரம் காத்திருந்தால் பாத்தி 'காலியாக' தெரியுமாம். தோட்டக்கலை விளம்பரங்களில் அடிக்கடி அடிபடும் 'வசந்தகால வண்ணம்' என்ற பிரயோகத்தையே கவனித்தால் விஷயம் புரியும். அங்கே செடி என்ற பேச்சே கிடையாது. வண்ணம்தான் சரக்கு. சுவருக்கு அடிக்கிற பெயின்ட்டையும் மண்ணில் வளர்கிற உயிரையும் ஒரே தட்டில் வைத்தாயிற்று.

இரண்டாயிரம் வகைகள் எங்கே போயின?

காசு வீண், உழைப்பு வீண் என்பதோடு விஷயம் முடிந்திருந்தால் இவ்வளவு கோபப்பட வேண்டியதில்லை. உண்மையான இழப்பு வேறு.

16-ஆம் நூற்றாண்டில் ஒட்டோமான் துருக்கியின் அரண்மனைத் தோட்டங்களில் ஹயசிந்த் செல்லப்பூ. அங்கிருந்து அதே நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கு வந்தது. ஹார்லெம் நகரத்துத் தோட்டக்காரர்கள் கையில் கிடைத்ததும் அது வேறு அவதாரம் எடுத்தது. 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில், பீட்டர் ஃபோர்ஹெல்ம் என்ற ஹார்லெம் வளர்ப்பாளர், அதுவரை எல்லோரும் பிடுங்கி எறிந்துகொண்டிருந்த அடுக்குப்பூ ஹயசிந்த்துகளில் ஒன்றை எறியாமல் வைத்து வளர்த்தார். அதற்குக் கிராக்கி பிய்த்துக்கொண்டது. 1730-களில், துலிப் பைத்தியத்துக்கு நூறு வருடம் கழித்து, ஹயசிந்த் பைத்தியம் பிடித்தது. அபூர்வமான ஒரு கிழங்குக்கு ஆயிரம் கில்டருக்கு மேல் கொடுத்தவர்கள் உண்டு. ஃபிலிப் மில்லர் என்ற ஆங்கிலத் தோட்டக்கலை அறிஞர் 1768-இல் எழுதியபோது ஹார்லெம் பக்கத்தில் ஏறக்குறைய 2000 வகைகள் வளர்க்கப்படுவதாகக் குறிப்பிட்டார். (எறியப்படவிருந்ததை ஒருவர் எறியாமல் வைத்ததால்தான் அந்தப் பொற்காலமே வந்தது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்.)

இன்றைக்குக் கடைகளில் கிடைப்பவை எத்தனை? பொதுவாகச் சில டஜன். அதிலும் எங்கே போனாலும் டெல்ஃப்ட் ப்ளூ, பிங்க் பேர்ல், கார்னெகி, யான் போஸ், சிட்டி ஆஃப் ஹார்லெம் என்று அதே முகங்கள்.

மீதி எங்கே போயின? இங்கேதான் ஹயசிந்த்தின் சுபாவம் முக்கியமாகிறது. பெயர் பெற்ற ஒரு வகையை விதையிலிருந்து மீட்க முடியாது. விதை போட்டால் வருவது வேறொரு புதுச் செடி, அதுவும் பூக்கப் பல வருடம் ஆகும். நெல் ரகங்களை விதை வங்கியில் போட்டுப் பூட்டி வைக்கிற மாதிரி இதைப் பூட்டி வைக்க வழியில்லை. 'சிட்டி ஆஃப் ஹார்லெம்' என்ற மஞ்சள் ஹயசிந்த் 1893-இலிருந்து இருக்கிறது. இன்று உலகத்தில் உள்ள அந்த வகைக் கிழங்குகள் எல்லாமே அந்த ஒரே செடியின் துண்டுகள். ஒவ்வொரு வருடமும் யாரோ ஒருவர் தோண்டி மறுபடி நட்டதால்தான் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனால் கதை முடிந்தது.

வீட்டுத் தோட்டக்காரர்கள் கிழங்கை வைத்திருந்த காலத்தில், பண்ணைக்காரர் ஒரு வகையை இலாபமில்லை என்று கைவிட்டாலும் எங்கோ ஒரு கொல்லைப்புறத்தில் அது பிழைத்துக் கிடக்கும். எல்லோரும் வருடா வருடம் எறிந்துவிட்டுப் புதிதாக வாங்குகிறார்கள் என்றால், பண்ணை கைவிட்ட அன்றே அந்த வகைக்கு மரண சாசனம் எழுதியாயிற்று என்று அர்த்தம். எது வாழ வேண்டும், எது சாக வேண்டும் என்பதைப் போக்குவரத்துக்கும் மொத்த விற்பனைக்கும் எது வசதி என்ற கணக்கு மட்டுமே தீர்மானிக்கும்.

இது கற்பனைப் பயம் அல்ல. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பக்கத்தில் வாட்டர்பீச் என்ற ஊரில் ஆலன் ஷிப் என்ற விவசாயி 1980-களில் பழைய ஹயசிந்த் வகைகளைச் சேர்க்க ஆரம்பித்தார். கடையில் கிடைக்காததை எல்லாம் தேடித் தேடிச் சேர்த்து, அது அந்த நாட்டின் தேசிய ஹயசிந்த் சேகரிப்பு என்று அங்கீகாரம் பெற்றது. வகைகளின் எண்ணிக்கை இருநூறைத் தாண்டியது. அவருக்குக் கிடைத்த புதையல்களில் ஒன்று 'குளோரியா முண்டி' என்ற 18-ஆம் நூற்றாண்டு அடுக்குப்பூ வகை. அழிந்தேபோனது என்று எல்லோரும் கைகழுவிவிட்டிருந்த அது, ருமேனியாவிலிருந்து வந்து சேர்ந்தது. யாரோ ஒருவர் அங்கே அதைத் தோண்டி எறியாமல் விட்டு வைத்திருந்தார், அவ்வளவுதான். நெதர்லாந்திலேயே லிம்மென் என்ற ஊரில் 'ஹோர்டஸ் புல்போரம்' என்ற தோட்டம் பழைய துலிப், ஹயசிந்த் வகைகளை 1920-களிலிருந்து காப்பாற்றி வருகிறது. இப்படி விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர் இல்லாவிட்டால் முந்நூறு வருட உழைப்பின் மிச்சம் மீதியும் போயிருக்கும். ஒரு தலைமுறையின் பொறுப்பு முழுவதையும் நாலைந்து பேர் தலையில் கட்டிவிட்டு, மற்றவர்கள் கோடிக்கணக்கில் கிழங்கை எறிந்துகொண்டிருப்பது என்ன நியாயம்?

மண்ணுக்கு ஊற்றுவது

எறிய எறியப் புதிது வேண்டும். புதிது வேண்டுமென்றால் வயலில் உற்பத்தி ஓய்வில்லாமல் நடக்க வேண்டும். நெதர்லாந்தில் ஹெக்டேர் கணக்கில் பார்த்தால் பூச்சி, பூஞ்சாண மருந்துகள் அதிகம் தெளிக்கப்படும் பயிர்களில் பூக்கிழங்குகள் முன்வரிசையில் நிற்கின்றன. அதில் முதல் ஆள் லில்லி. ஹயசிந்த்தும் மருந்தில்லாமல் வளர்வதில்லை. வயலில் தெளிப்பது போக, நடுவதற்கு முன் கிழங்கையே பூஞ்சாண மருந்தில் முக்கி எடுப்பது வழக்கம். தேனீக்களுக்குக் கேடு என்று மூன்று நியோநிகோட்டினாய்டு மருந்துகளைத் திறந்தவெளிப் பயிர்களில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் தடை விதித்தது. நல்ல விஷயம்தான், ஆனால் மற்ற மருந்துகள் தொடர்கின்றன. வயல்களுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் வருடக்கணக்கில் முறையிட்டுக்கொண்டும் வழக்குப் போட்டுக்கொண்டும் இருக்கிறார்கள்.

இதில் ஒரு முரண் கவனிக்க வேண்டியது. வசந்தத்தின் தொடக்கத்தில் தேனீக்களுக்குக் கிடைக்கும் சில பூக்களில் ஹயசிந்த்தும் ஒன்று என்று சொல்லித்தான் அதை விற்கிறார்கள். ஒருமுறை வாங்கிய கிழங்கு தோட்டத்தில் ஐந்தாறு வருடம் இருந்தால் அந்த முதல் வருட மருந்தெல்லாம் எப்போதோ கரைந்து போயிருக்கும். அப்போது வரும் தேனீக்கு அது உண்மையிலேயே விருந்து. வருடா வருடம் வயலிலிருந்து நேரே வந்த கிழங்கை நட்டால், மருந்துச் சங்கிலியும் வருடா வருடம் புதுப்பிக்கப்படுகிறது.

எதிர்த்தரப்புக்கும் சில பதில்கள்

எல்லாம் சரி, தொட்டி ஹயசிந்த்தை என்ன செய்வது என்று கேட்கலாம். கிறிஸ்துமஸ் சமயத்தில் பூக்க வேண்டும் என்பதற்காகச் சூடு கொடுத்துத் தயார் செய்த கிழங்குகள் அவை. செப்டம்பரில் தொட்டியில் வைத்து, பத்து வாரம் இருட்டிலும் குளிரிலும் வைத்திருந்து, பிறகு வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தால் டிசம்பரில் பூக்கும். அந்தக் கிழங்கு களைத்துப்போவது உண்மை. அதை மறுபடி தொட்டியில் பூக்கவைக்க முடியாது. ஆனால் செத்துவிடுவதில்லை. இலை வாடும்வரை தண்ணீர் விட்டு, பிறகு வெளியில் மண்ணில் நட்டால் ஓரிரு வருடத்தில் வழக்கமான வசந்த காலத்தில் பூக்கும். ஈரானில் மார்ச் 20 வாக்கில் வரும் நவ்ரூஸ் புத்தாண்டு மேசையில் ஹயசிந்த் இல்லாத வீடு குறைவு. பண்டிகைக்குப் பூ வேண்டும் என்பது நியாயமான ஆசை. பண்டிகை முடிந்ததும் குப்பைக்குப் போக வேண்டும் என்று எந்தப் பண்டிகையும் சொல்லவில்லை.

களிமண்ணில் அழுகிவிடுகிறதே என்பது அடுத்த வாதம். இது உண்மையான பிரச்சினை. கரடுமுரடான மணலோ சரளையோ கலந்து, பாத்தியைச் சற்று உயர்த்தினால் பெரும்பாலும் தீரும். அப்படியும் முடியாத ஈர நிலமென்றால், இலை காய்ந்ததும் கிழங்கைத் தோண்டி, காற்றோட்டமான நிழலில் வெங்காயம் மாதிரி உலர வைத்திருந்து இலையுதிர்காலத்தில் திரும்ப நடலாம். இவ்வளவுக்கும் நேரமில்லை என்றால், நேர்மையாக அந்த நிலத்துக்கு ஒத்துவரும் வேறு பூவை நடுவதே மேல். குளிர்காலமே இல்லாத ஊர்களுக்கும் அதே பதில்தான். சுமார் பன்னிரண்டு வாரக் குளிர் இல்லாமல் ஹயசிந்த் ஒழுங்காகப் பூக்காது. குளிர்பதனப் பெட்டியில் வைத்துச் சென்னையிலோ சிங்கப்பூரிலோ ஒருமுறை பூக்கவைத்துவிட்டுச் சாகவிடுவது பெருமைக்குரிய சாதனை அல்ல.

வளர்ப்பவர்களின் பிழைப்பு என்ன ஆவது என்பது கடைசி வாதம், கனமான வாதமும் கூட. தலைமுறை தலைமுறையாக இதையே நம்பி வாழும் குடும்பங்கள் அந்த மணற்பகுதியில் உண்டு. ஆனால் ஒரு தொழில் பிழைக்க வேண்டுமானால் வாங்கியவர் எல்லோரும் வருடா வருடம் எறிய வேண்டும் என்றால், கோளாறு தொழிலின் அமைப்பில் இருக்கிறது. ஒரே ரகத்தை லட்சக்கணக்கில் மலிவாக விற்பதற்குப் பதிலாக, பல வகைகளைக் குறைவாக, நியாயமான விலைக்கு விற்கலாம். இந்த வருடம் ஒரு வகை, அடுத்த வருடம் இன்னொரு வகை என்று சேர்க்கும் ஆசையை வளர்க்கலாம். பதினெட்டாம் நூற்றாண்டு ஹார்லெம்காரர்கள் பணக்காரர்கள் ஆனது அந்த ஆசையால்தான், குப்பைத்தொட்டியால் அல்ல.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான்

தோட்டக்காரரிடம் கேட்கப்படுவது பெரிய தியாகம் ஒன்றும் இல்லை. சொல்லப்போனால் வேலை குறைகிறது.

அக்டோபரில், வெயில் படும், தண்ணீர் தேங்காத இடத்தில், பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் ஆழத்தில், 14-16 அளவுக் கிழங்கை நட வேண்டும். கையுறை அவசியம். நாயோ குழந்தையோ கடித்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், கிழங்கு நஞ்சு. பூ வாடியதும் கதிரை மட்டும் கிள்ளிவிட்டு, சாம்பல் சத்து உள்ள உரம் கொஞ்சம் போட்டு, இலையை அதன் போக்கில் விட வேண்டும். ஆறு வாரம் அலங்கோலமாகத் தெரிகிறதே என்பவர்கள் பக்கத்தில் பிந்தி வளரும் செடி எதையாவது வைத்தால் அது மறைத்துக்கொள்ளும். பிறகு மறந்துவிடலாம். அடுத்த மார்ச்சில் அதுவாகவே ஞாபகப்படுத்தும்.

கூடவே இன்னும் ஒன்று. நடும்போது வகையின் பெயரை எழுதி வைக்க வேண்டும். இன்று எல்லாக் கடையிலும் கிடைக்கும் வகை, முப்பது வருடம் கழித்து எந்தக் கடையிலும் இல்லாமல் போகலாம். அப்போது உலகத்தில் கடைசியாக அது மிஞ்சியிருக்கும் இடம், எறிவதற்குச் சோம்பல்பட்ட யாரோ ஒருவரின் வேலியோரமாக இருக்கலாம். பெயர் தெரிந்தால்தான் அது மீட்பு. இல்லாவிட்டால் வெறும் நீலப்பூ.

மே மாதம் மண்வெட்டியைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு பூங்கா நிர்வாகியும், ஒவ்வொரு வீட்டுக்காரரும் ஒரு நிமிடம் யோசித்தால் போதும். தோண்டப்போவது முடிந்துபோன பூவை அல்ல. நான்கு வருடம் ஆளாகி, இன்னும் பல வருடம் பூக்கக் காத்திருக்கும் ஓர் உயிரை. அதைக் குப்பையில் போடச் சொல்லிக் கற்றுக்கொடுப்பவர்களைத் தோட்டக்கலை வல்லுநர்கள் என்று அழைப்பதை முதலில் நிறுத்த வேண்டும். அவர்கள் விற்பனையாளர்கள், அவ்வளவே.